சீதனம் வேண்டாம், எர்த் கம்பி வேண்டும்

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.

அன்புக்கும் சங்கைக்கும் உரிய மச்சான் அஸ்வர் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் மனைவி, உங்கள் கூடப்பிறந்த ராத்தா ஸுஹறாவும் மகள் றுஸ்னாவும் உயிரோடும் முழு உடம்போடும் இருக்கிறோம். புத்தளத்தில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்கத் துஆச் செய்கிறேன். வீடும் இருக்கிறது. குசினியில் ஒரு சுவர் மட்டும் கொஞ்சம் கறுத்துப்போனது, அதற்கும் பெயின்ற் அடித்தாயிற்று. ஆகையால் பதற வேண்டாம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் ஸுஹறா பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு வசனத்தையும் திருத்துகிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

றுஸ்னாவின் கல்யாணத்துக்கென்று நீங்கள் லொறியில் அனுப்பிய ஓவனும் இன்டக்‌ஷன் அடுப்பும் ரைஸ் குக்கரும் கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. ஸுஹறா அவற்றுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தார். சிக்கல் என்னவென்றால், வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் குசினியில் இருந்தது ஒரே ஒரு பிளக். கட்டினவர்கள் இந்தக் குசினியில் யாரோ ரேடியோ கேட்பார்கள் என்று மட்டும்தான் நினைத்திருக்க வேண்டும். நான் மூளையைப் பாவித்தேன். மல்லாவிச் சந்தையில் நீளமான வயரோடு ஒரு மல்டி பிளக் வாங்கிவந்து மூன்றையும் அதில் மாட்டினேன். மிச்ச வயரை வட்டமாகச் சுருட்டிப் பாய்க்குக் கீழே வைத்தேன். புடைவைக் கடைக்காரன் எதையும் சுருட்டாமல் விடமாட்டான், உங்களுக்குத் தெரியும். மூன்றையும் போட்டதும் சுவரிலுள்ள மெயின் போட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்டு நின்றது. தூக்கிவிட்டேன். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் தூக்கிவிட்டேன்.

“வாப்பா, அது என்னவோ சொல்லுது,” என்றாள் றுஸ்னா.

“புதுச் சாமானுக்கு இன்னும் பழகேல்லை மகள். பழகிடும்,” என்றேன்.

இந்த நிலைமையில்தான் வவுனியாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை றிஃபாத்தும் அவருடைய உம்மா முனவ்வறாவும் பெண் பார்க்க வந்தார்கள். றுஸ்னாவுக்கு விருப்பம்தான், அவள் ஷாலை மாற்றி மாற்றிக் கண்ணாடி பார்த்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே ஓவனில் கேக், அடுப்பில் ஆட்டிறைச்சி, குக்கரில் சோறு. எல்லாம் ஒரே வயரில். நான் முன்னறையில் உங்கள் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“என்ன நானா, ஒரு வாசம் வருது?” என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் முனவ்வறா.

“அது புது ஓவன். எங்கட மச்சான் அனுப்பினவர்.”

“கேக்கோ?”

“ஓம், கேக்.”

“பிளாஸ்ரிக் கேக்கோ?” என்று கேட்டபடியே அவர் எழும்பிக் குசினிக்கு ஓடினார்.

பாய்க்குக் கீழேயிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நெருப்பும் பிடித்துவிட்டது. ஸுஹறா தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, கழுவிய ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு நின்றார். “ஊத்தாதேங்கோ! ஊத்தாதேங்கோ!” என்று முனவ்வறா போட்ட சத்தத்தில் வாளி அப்படியே நின்றது. அவரே பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினார். றுஸ்னா முற்றத்து மணலை அள்ளிவந்து கொட்டினாள். நான் அந்த நேரம் கேக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் அடங்கிய பிறகு ஸுஹறாவின் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். அந்த வாளித் தண்ணீர் மட்டும் விழுந்திருந்தால், மச்சான், இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். முனவ்வறா கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

“நானா, சீதனமெண்டு எங்களுக்கு ஒரு துரும்பும் வேணாம். ஆனா என்ட மகன் கல்யாணம் முடிச்சு இந்த வீட்டிலதான் வந்து இருக்கப்போறான். எனக்கு அவனை உயிரோட வேணும். இந்தக் குசினிக்கு ஒழுங்கா வயரிங் செய்யுங்கோ. எர்த் கம்பி இருக்கோ?”

“எர்த்தோ?” என்றேன்.

“அதுவும் இல்லை. போட்டிட்டுச் சொல்லுங்கோ, திகதி கதைப்பம்.”

ஒட்டுசுட்டானிலிருந்து நிசாந்தினி என்ற வயரிங் பிள்ளை ஸ்கூட்டியில் வந்தாள். வாய் பெரிது. வயரைத் தொடவே இல்லை. முதலில் ஸுஹறாவை இருத்தி, எதெது ஒரே நேரத்தில் ஓடும், எதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று விசாரணை. ஸுஹறா, கழுவ வசதி என்று ஓவனைத் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் கேட்டார். “அக்கா, கரண்டையும் தண்ணியையும் அயல் வீட்டுக்காரர் ஆக்காதேங்கோ,” என்றாள் அவள். இரண்டு பேரும் மத்தியானம் வரை சண்டை பிடித்தார்கள். நான் கடையிலிருந்து தையல் சோக்கட்டி கொண்டுவந்து கொடுத்தேன். சட்டைக்கு வெட்டுக் குறி போட்ட மாதிரிக் குசினிச் சுவர் முழுக்கக் கோடு. ஓவனுக்கு மெயின் போட்டிலிருந்து தனி லைன், இன்டக்‌ஷனுக்குத் தனி லைன், இரண்டுக்கும் தடித்த வயர், தனித்தனி பிரேக்கர். குக்கர் சாதாரண பிளக்கில் ஓடலாம். சுவிட்ச் அடுப்புக்கு மேலே அல்ல, பக்கத்தில். ஆவிக்குள்ளால் கை நீட்டக் கூடாதாம்.

“தங்கச்சி, ட்ரிப் சுவிட்சைக் கொஞ்சம் பெரிசாப் போட்டா விழாதெல்லோ?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“ஐயா, வயர் தாங்காத சுமைக்கு அது விழத்தான் வேணும். அது விழாட்டி நீங்கள் விழுவியள்.”

எர்த் கம்பியை நிலத்துக்குள் அடிக்க நான்தான் இடம் காட்டினேன். அந்த இடத்துக்குக் கீழேதான் தண்ணீர்க் குழாய் போகிறது என்பது கம்பி இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று பகல் முழுக்க வீட்டில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை, என்னோடு கதைக்க ஆளும் இல்லை.

ஆனால் மச்சான், வேலை முடிந்துவிட்டது. முனவ்வறா மறுபடி வந்து மூன்றையும் ஒன்றாகப் போடச் சொல்லி, ஒவ்வொரு பிளக்கிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை. ட்ரிப் சுவிட்சும் அசையவில்லை. “இனி என்ட பிள்ளையை நம்பி அனுப்பலாம்,” என்று சொல்லி ஸுஹறாவைக் கட்டிப்பிடித்தார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். இப்போதே லீவு கேட்டுவையுங்கள். குடும்பத்தோடு வந்து, நீங்கள் அனுப்பிய ஓவனில் வேகும் கேக்கைப் பயமில்லாமல் சாப்பிடலாம்.

வல்ல நாயன் உங்கள் வீட்டுக்கும் உங்கள் பிளக்குகளுக்கும் பரக்கத்தும் பாதுகாப்பும் தருவானாக. மாமிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
மனம் ஆறிய மச்சான்,
முத்தலிப்

பி.கு.: லீவு கேட்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. நேற்று முனவ்வறா போன் எடுத்தபோது றுஸ்னா மரியாதையாக, “மாமி, கல்யாணத்துக்குப் பிறகு பெருநாளுக்கு நாங்களும் உங்கட வீட்டுக்கு வருவம்தானே, அங்க எர்த் இருக்கோ?” என்று கேட்டிருக்கிறாள். “இல்லாமலோ பிள்ளை!” என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால், எர்த் என்று சுவரால் இறங்கின வயரின் மறுமுனை மண்ணுக்குள் போகாமல் உடுப்புக் காயப்போடும் கம்பிக் கொடியில் கட்டியிருக்கிறதாம். அதைச் சரிசெய்யும் வரைக்கும் திகதி இல்லையென்று றுஸ்னா சொல்லிவிட்டாள். நிசாந்தினி வவுனியாவுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டாரைக் காக்கவைத்த முதல் பெண்வீட்டார் நாங்களாகத்தான் இருப்போம் என்று ஸுஹறா சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்று திருத்துவது இப்போது நான்.