உட்கார்ந்தபடி நடக்கச் சொல்பவர்

நோய் போன பிறகும் நோயாளி வீட்டை விட்டுப் போகாத ஒரு ஜீவராசி உண்டு. அதற்கு நலம்விரும்பி என்று பெயர். பழம் வாங்கிக்கொண்டு ஒரு தடவை வந்து, நாலு வார்த்தை விசாரித்து, காபி வேண்டாம் என்று கிளம்பிவிடுகிறவர் இதில் சேர்த்தியில்லை; அவர் வெறும் மனிதர். நலம்விரும்பி தினமும் வருவார். வெறுங்கையோடு வருவார். வாய் நிறையக் கொண்டுவருவார்.

பார்த்ததே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் இந்த மாமாவைப் பாருங்கள்.

பள்ளிச் சீருடை தைக்கிற ஒருத்தி. நாலு வருஷத்துக்கு முன்னால் மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை செய்து, மருந்தேற்றி, கொட்டின முடி முளைத்து, மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷனுடைய தாய்மாமன்தான் நம் ஆள். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். புற்றுநோய் என்ற சொல் அவர் வாயில் வராது. மார்பு என்ற சொல் கனவில்கூட வராது. "உனக்கு வந்துச்சே, அது" என்பார்.

"அது வந்தவங்க பாலைத் தொடவே கூடாதாம்மா" என்பது திங்கட்கிழமை. "அது வந்தவங்க பால் நிறைய குடிக்கணுமாம்" என்பது வியாழக்கிழமை. யார் சொன்னது மாமா? "பெரிய பெரிய டாக்டருங்களே சொல்லியிருக்காங்க!" எந்த டாக்டர் என்று கேட்டால் மரியாதையாக இருக்குமா? சர்க்கரை விஷம், பிளாஸ்டிக் டப்பா எமன், மெஷின் மிதித்தால் சூடு, கவலைப்பட்டால் ஆபத்து, கவலையே படாமல் இருந்தால் அலட்சியம். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே முத்திரை: "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவளுடைய டாக்டரம்மா சொன்னது மூன்றே விஷயம். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, எடை ஏறக் கூடாது, தினமும் அரை மணி வேகமாக நடக்க வேண்டும். "நம்ம கையில இல்லாதது நெறய இருக்கு. இது உங்க கையில இருக்கு" என்றார். காலையில் மகளுக்குச் சாப்பாடு கட்டி, துணி வெட்டி உட்கார்ந்தால் அவளுக்குக் கிடைப்பது சாயங்காலம் ஐந்து மணி மட்டும். மாமா வருவதும் சரியாக ஐந்து மணிக்கு.

வந்து, காற்றாடிக்குக் கீழே இருக்கிற நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, ஆரம்பிப்பார். "நடக்கணும்மா! நடையை விட்டா ஒண்ணுமே இல்ல." ஏழு மணிவரை நடையின் மகிமைதான். எழுந்து போங்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அறுவை நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆறு மணி நேரம் நின்ற மனுஷன் அவர்.

ஆறு மாதம் இப்படியே ஓடிற்று. பரிசோதனைக்குப் போனபோது எடை நாலு கிலோ ஏறியிருந்தது.

"நடை என்னாச்சு?" என்றார் டாக்டரம்மா.

"தினமும் நடக்கச் சொல்லி ஒருத்தர் வீட்டுக்கு வந்துடறாரு டாக்டர்."

"நல்லதுதானே?"

"வந்து உக்காந்துடறாரு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க மாத்திரையை ஒருத்தர் தினமும் எடுத்துட்டுப் போனா விடுவீங்களா?"

மகள் இப்போதுதான் ஆறாவது படிக்கிறாள். அவள் வளர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மறுநாள் ஐந்து மணி. மாமா காலை நீட்டினார். அவள் ஷூவை மாட்டினாள்.

"நடந்துக்கிட்டே பேசலாம், வாங்க மாமா."

"இப்பவா? எனக்கு முட்டி..."

"என் நல்லதுக்குத்தானே சொல்றீங்க, வாங்க."

மாட்டிக்கொண்டார், பாவம். முதல் தெருவில் சர்க்கரையைப் பற்றிப் பேசினார். இரண்டாவது தெருவில் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பாதி பேசினார். மூன்றாவது தெருவில் மூச்சு மட்டும்தான் வந்தது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் பொத்தென்று விழுந்தவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது... திரும்ப வந்துடாதில்லம்மா?"

அவள் நின்றாள். இத்தனை மாதப் பேச்சுக்கும் அடியில் இருந்தது இதுதானா!

"அதுன்னா என்ன மாமா? மார்புல வந்த புற்றுநோய். வாய்விட்டுச் சொன்னா ஒட்டிக்காது. வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதான் நடக்கறேன். கைய விடுங்க."

விட்டார். அவள் நடந்தாள். அரை மணி, முழுசாக.

திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவள் திரும்பி வரும்போது மாமா அதே பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த யாரோ ஒரு அம்மாளிடம், "என் மருமகளை நான்தாங்க நடக்க வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் வந்ததும் அந்த அம்மாள் ஓடிய வேகம் உடம்புக்கு மிகவும் நல்லது.

நீங்கள் அப்படி இல்லை, தெரியும். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, உங்களுக்குத் தெரிந்த ஒருத்தி ஞாபகத்துக்கு வந்திருப்பாளே? அடடா, இதை அவளுக்கு அனுப்பினால் எவ்வளவு பிரயோஜனமாக இருக்கும், நேரில் போய்ப் படித்தே காட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியிருக்குமே? போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் அவள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் வழிவிட்டு நில்லுங்கள்.