இடி ஆயாவின் பெரிய பிள்ளைகள்

இலங்கையின் பூண்டுலோயா மலைகளில் இடி ஆயாவிடம் ஏச்சு வாங்காத உயிர் கிடையாது. மனிதர்களை விடுங்கள். தேயிலைக்குள் புகுந்த மாடு, ஒழுகுகிற கூரை, பற்றாத அடுப்பு, நிற்காத மழை எல்லாமே வாங்கிக் கட்டிக்கொண்டவைதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள்கூட, "நம்மளத்தான் ஏசுறாங்களோ?" என்று நிமிர்ந்து பார்ப்பார்களாம்.

அவருக்கு வேலை பிள்ளைக் காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர்.

பிரஜாவுரிமை கிடைக்காத குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். தோட்டத்துக் கிழவர் கருப்பண்ணனின் மகனும் குடும்பத்தோடு போய்விட்டான். "பொண்டாட்டிய பொதச்ச மண்ண விட்டு வரமாட்டேன்" என்று கிழவர் மட்டும் தங்கிவிட்டார். தங்கியவர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்தான். பக்கத்து வீட்டார் வைத்த சோறு வாசலிலேயே காய்ந்தது.

ஆயா போய்க் கதவை இடித்தார்.

"மாமோவ்! உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேம்மா..."

"இருந்தா எந்திரிச்சு வாங்க. தொட்டில் வரிசையா கெடக்கு, எனக்கு ரெண்டு கைதான். போய்ச் சேர்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"யாரப் பாத்து என்னா பேச்சுப் பேசுற!" என்று எழுந்த கருப்பண்ணன், சண்டை போட்டுக்கொண்டே பிள்ளைக் காம்பரா வரைக்கும் நடந்துவிட்டார். ஆயா அவருடைய ஒரு கையில் ரொட்டியையும் மறு கையில் தொட்டில் கயிற்றையும் கொடுத்து உட்கார வைத்தார்.

ரொட்டிச் சேதி லயமெல்லாம் பரவியது. கண் மங்கிய வேலாயி வந்தார். காது கேளாத ராமன் வந்தார். குழந்தைகள் எவ்வளவு அலறினாலும் ராமன் முகம் சுளிக்கவே மாட்டார். தோட்டத்திலேயே பெரிய பொறுமைசாலி என்று அவருக்குப் பெயர் வந்தது. தாய்மார் ஆளுக்கொரு பிடி மாவு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒருநாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை திடீரென்று வந்து நின்றார். பின்னால் நான். வெள்ளைக்காரர்தான், ஆனாலும் தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசுவார்.

"ஆயா, இது புள்ளக் காம்பராதானே? இவங்க யாரு?"

"இவங்களும் புள்ளைங்கதாங்க தொரை. பல்லு கெடையாது. தூக்கி விட்டாத்தான் நடப்பாங்க. சொன்னா கேக்க மாட்டாங்க. வேற என்னாங்க வேணும்?"

எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன். துரை சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு கெழவனும் இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கயிறு இழுக்க ஆளில்லை. முதலில் ஒரு குழந்தை தொடங்கியது. பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. அழுகை மலை முழுக்க எதிரொலிக்க, தாய்மார் கூடையோடு ஓடி வந்துவிட்டார்கள். ஆயா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நான் என்னா செய்ய? ஆட்டுற கையெல்லாம் வேணாம்னு தொரைதான் சொல்லிட்டாரு."

மலையில் கொழுந்து அப்படியே நின்றது. மத்தியானத்துக்குள் துரையிடமிருந்து ஆள் வந்தது: கிழவர்களைக் கூப்பிடச் சொன்னாராம். கருப்பண்ணன் உடனே எழுந்திருக்கவில்லை. "ரொட்டியோட ஒரு கோப்ப பாலும் குடுத்தா வாறேன்னு போய்ச் சொல்லு" என்றார். பாலும் கிடைத்தது.

அதன்பிறகு அவர் வெகுகாலம் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அறிவித்தார்:

"சாவுக்குச் சொந்தக்காரங்க மட்டும் நில்லுங்க. மத்தவங்க மலைக்குப் போங்க."

ஆயா நின்றார். வேலாயியும் ராமனும் நின்றார்கள். தாய்மாரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். யாருமே மலைக்குப் போகவில்லை.

ஆயா எங்களையெல்லாம் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.