யானை இடித்த எலி

கவிதை எழுதுகிறவர்களின் கையில் அறிவியல் கட்டுரையைக் கொடுப்பது ஆபத்து. கடைசி வரி வரை நாங்கள் போகமாட்டோம். இரண்டாம் பத்தியிலேயே ஓர் உருவகம் கிடைத்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவோம்.

என் கணவர் சாமுவேலுக்குக் குடலில் புற்றுநோய். அறுவை முடிந்து, செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ நடந்துகொண்டிருந்தது. அவர் ரயில்வே கேட் கீப்பர். எதுவும் அதனதன் நேரத்தில் வந்து, அதனதன் தண்டவாளத்தில் போய்விட வேண்டும் அவருக்கு. ஆறு கீமோ நாட்களையும் ஆறு வண்டிகளைப் போலக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். மூன்று போயிருந்தன. நான்காவதைத் தடம்புரள வைத்தவள் நான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பொத்தேரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் நான்சிதான் அந்தக் கட்டுரையை அனுப்பினாள். வெறுங்கூண்டில் கிடக்கும் எலிகளைவிட, பெரிய கூண்டில் சக்கரம், சுரங்கம், கூட்டாளிகள், அடிக்கடி மாறும் பொம்மைகள் என்று வாழும் எலிகளுக்கு நோய் எதிர்ப்பு அணுக்கள் சுறுசுறுப்பாகின்றனவாம். கட்டி மெதுவாக வளர்கிறதாம். சில மருந்துகள்கூட நன்றாகப் பிடிக்கின்றனவாம். மனிதர்களுக்கு இது பொருந்துமா என்று இன்னும் தெரியாது என்பது கடைசி வரியில் இருந்திருக்கிறது. (நான் எங்கே அவ்வளவு தூரம் போனேன்?)

படாளத்தில் இருக்கும் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில், பீரோ, டி.வி., நடுவில் மனிதர். கூண்டேதான்! கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு பீரோவைத் தள்ள ஆரம்பித்தேன்.

"இன்னா எஸ்தரு பண்ணிகினு கீற?"

"உங்க சூழலை மாத்துறேங்க."

"அது பாட்டுக்கு சும்மாதானே நின்னுகினு இருந்துது?"

வாரம் ஒரு மாற்றம். முதல் வாரம் பீரோ. அடுத்த வாரம் கட்டில் சமையலறை வாசலுக்கு வந்தது. மூன்றாம் வாரம் மாமல்லபுரம் போய், துதிக்கை தூக்கிய கருங்கல் யானை ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து, கேஸ் சிலிண்டர் வைக்கும் சக்கரத் தட்டில் ஏற்றினேன். தினம் ஒரு திசையில் நிற்கும் யானை. தினம் ஒரு வியப்பு. இப்படித்தான் எனக்குள் ஓடியது.

நான்சி போனில் கத்தினாள். "அம்மா, அது எலிம்மா! இது அப்பா!"

"உயிர்னா எல்லாம் ஒண்ணுதான்டி."

"அப்ப சக்கரத்துல ஓட வுடுவியா அவர?"

(அவளுடைய பழைய சைக்கிளை அதற்குத்தான் துடைத்து வைத்திருந்தேன்.)

ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் மத்தியானம். குளிக்கப் போனவர், யானை ஜன்னலோரம் இருக்கும் என்ற நம்பிக்கையில் பார்க்காமல் நடந்தார். அது பாத்ரூம் வழியில் நின்றிருந்தது.

மறுநாள் டாக்டர் பார்த்தது மூன்று காயங்கள். முழங்கையில் மஞ்சள், முழங்காலுக்குக் கீழே பச்சை, தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறம். மூன்று வார மாற்றங்களும் அவர் உடம்பில் தேதிவாரியாகப் பதிவாகியிருந்தன. டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். (நான் கொஞ்சம் வாட்டசாட்டமானவள்.)

"மேடம், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

நடுவில் இருந்தது ஒரு மெல்லிய திரைதான்.

"பயப்படாம சொல்லுங்க. வீட்ல யாராவது கை நீட்டுறாங்களா?"

"இல்ல சார். யானை."

"என்னது?"

"யானை இடிச்சிடிச்சி சார். முந்தாநாள் வரைக்கும் ஜன்னலாண்ட இருந்துது."

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாண்ணா சொல்ற? கோயில் யானையா?"

"வூட்டு யானைம்மா. எடம் மாறிகினே இருக்கும். எங்க வூட்ல நான்தான் எலி."

டாக்டரின் குரல் கனிந்துவிட்டது. "சாமுவேல், இன்னைக்கு என்ன கிழமை? இது எந்த ஊரு?"

"செவ்வாக்கெழம, செங்கல்பட்டு. தாம்பரம் போற லோக்கலு ரெண்டு நிமிசம் லேட்டு."

"தலைக்கு ஒரு ஸ்கேன் எழுதுங்க சிஸ்டர்."

அதற்குமேல் தாங்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்து, எலி, கூண்டு, பீரோ எல்லாவற்றையும் கொட்டி, போனில் யானையின் படத்தையும் காட்டினேன். நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்த அறிக்கையை என் பக்கம் திருப்பினார். "ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இவ்வளவு குறைஞ்சிருக்கு. இப்ப லேசா இடிச்சாலே ரத்தம் கட்டும். தலையில பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? எண்ணிக்கை ஏறாம அடுத்த டோஸ் கிடையாது."

எண்ணிக்கை குறைந்தது மருந்தால்தான், யானையால் அல்ல என்று அவரே சொன்னார். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து, சிவப்பு வட்டத்தின்மேல் என் கணவர் பெருக்கல் குறி போட்டதைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் வண்டிகளுக்கு வழிவிட்ட மனிதர், தன் வண்டி வராமல் நின்றார். நான் பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். தரையிலிருந்த பழைய தடத்தில் அது போய் உட்கார்ந்ததும், "ஆங், அங்கதான்" என்றார்.

பத்து நாள் தள்ளித்தான் நான்காவது ஏறியது. அந்தப் பத்து நாளும் நலம் கேட்டுப் போன் செய்தவர்களுக்கெல்லாம் யானைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கூடவே இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டார். எண்ணிக்கை ஏறியதும், "பாத்தீங்களா டாக்டர், சூழல்!" என்றேன். "நாள் போனா தானாவே ஏறும்மா. எங்கயும் எழுதிடாதீங்க" என்றார்.

ஆறும் முடிந்தன. கொத்தனாரை வரவழைத்து, யானையை வாசலோரம் சிமென்ட் வைத்துப் பூசச் சொன்னார் என் கணவர்.

இப்போது பரிசோதனைக்குப் போனால், டாக்டர் அறிக்கையைப் புரட்டும்போது அறையில் காகிதச் சத்தம் மட்டும் கேட்கும். கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்து, அதில் குறையொன்றும் இல்லையென்றால் ஃபைலை மூடிவிட்டு, முகத்தை மாற்றாமல் கேட்பார்:

"யானை எங்க நிக்குது?"

"நின்ன எடத்துலயே கீது சார்."

அதன் பிறகுதான் நான் மூச்சு விடுகிறேன்.