குதிரைக்காரன் உள்ளே போனானா

வுப்பர்டால், ஜெர்மனி,
ஐப்பசி 2004

மதிப்புக்குரிய கமலநாயகி அக்காவுக்கு,

உங்கள் தங்கை சிவகௌரியின் கணவன் பரராசசிங்கம் எழுதுவது. நாங்கள் சுகம். கனடாக் குளிரில் நீங்களும் அண்ணையும் முழங்கால் நோவில்லாமல் இருக்க வேண்டும். ஒருநாளும் எழுதாதவன் எழுதுகிறானே என்று பயப்பட வேண்டாம். விஷயம் ஒரு குதிரைக்காரனைப் பற்றியது.

இந்த வருசத் தொடக்கத்தில் ஞாயிறு பின்னேரங்களில் இங்கே தொலைக்காட்சியில் ஒரு கௌபாய்த் தொடர் போட்டார்கள். அமெரிக்கத் தொடர்தான், ஆனால் குதிரையோடுகூட ஜெர்மனில்தான் பேசுவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஜெர்மன் பாஷை, டாக்டரைப் பார்க்க டெர்மின் என்று நேரம் எடுக்கக் காணும், துப்பாக்கியோடு நிற்கிறவனை விளங்கக் காணாது. முதல் ஞாயிறு, பேக்கரி வேலைக் களைப்பில் நான் சோபாவில் கண்ணயர்ந்திருக்க, தொடரில் வந்த பண்ணைவீட்டு விதவைக்காகச் சிவகௌரி தமிழில் பேசுவது கேட்டது. "தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. குதிரையை வேலிக்கு வெளியில கட்டுங்கோ." வேலை முடிந்து வந்தால் "சாப்பாடு இருக்கு" என்பதோடு பேச்சை முடிக்கிற மனிசி, அக்கா. நான் எழும்பி உட்கார்ந்து, விதவையின் வேலியடியில் நின்ற குதிரைக்காரனுக்காகச் சொன்னேன்: "வெளியில கட்டினால் களவு போயிடும்." "போனால் நடந்து போங்கோ" என்றாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவள் விதவை, நான் குதிரைக்காரன். கொள்ளைக்காரர் வந்தால் அவர்கள் பேச்சை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். டோர்ட்முண்டில் படிக்கிற மகள் பிரபாலினி ஒருமுறை வந்திருந்து, "அப்பா, அவ விதவை இல்லை. புருசன் ஜெயில்ல. இவன் காணி வாங்க வந்தவன்" என்று விளக்கினாள். "நீ போய்ப் படி பிள்ளை" என்றாள் சிவகௌரி.

சித்திரையில் ஒரு ஞாயிறு குதிரைக்காரன் விதவையின் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான். அவள் கதவைத் திறந்தாள். அத்தோடு அன்றைய பகுதி முடிந்தது. அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் ஒருவர் நாயைக் குளிப்பாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் விசாரித்துவிட்டு, "பாக்க ஆளில்லையாம், நிப்பாட்டிட்டினம்" என்றாள். "நாங்கள் ரெண்டு பேர் பாத்தனாங்கள்தானே" என்றாள் சிவகௌரி. பிறகு பொலிஸ் தொடர் போட்டேன், ஆஸ்பத்திரித் தொடர் போட்டேன். அவள் திரும்பியும் பாராமல் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அக்கா. போன கிழமை குசினிப் பக்கம் பார்த்து, குதிரைக்காரனின் குரலில், "ஆரும் இருக்கிறியளோ" என்று கேட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கனடாவில் மிச்சத்தையும் காட்டியிருப்பார்கள். அவன் உள்ளே போனானா, அவள் என்ன சொன்னாள் என்று தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள். தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லோரையும் நல்லூரான் காக்கட்டும்.

அன்புடன்,
பரராசசிங்கம்

பி.கு.: ஒன்றும் விசாரிக்க வேண்டாம் அக்கா. கடித உறையில் ஒட்ட முத்திரை எடுக்க நான் எழும்பிய நேரம் அவள் இதை வாசித்துவிட்டாள். ஏசுவாள் என்று நின்றேன். "சித்திரையில இருந்து அந்த மனுசன் வாசல்ல நிக்குது. கால் உளையாதோ? உள்ள வரச் சொல்லுங்கோ" என்றாள். சொல்லிவிட்டேன். இப்போது குசினிக்குள் நின்று, அவன் தேத்தண்ணிக்குச் சீனி போடுவானோ என்று கேட்கிறாள். நான் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.