கல்லூரிக்கு சாம்பிள் கேட்டவள்

போடிநாயக்கனூரில் பிறந்தவர்களிலேயே பெரிய வீம்புக்காரி யார் என்று கேட்டால், யோசிக்காமல் எங்கள் தெரு ‘சாம்பிள்’ என்பேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது நினைவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், வீடியோ கேம் கம்பெனி நடத்தப் போவதாகவும், அதற்குத் தோதாகத்தான் படிப்பதாகவும் அறிவித்தாள். அவள் அப்பா ஏலக்காய் வியாபாரி. கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் பேசி வைத்திருந்தார். அதன் விளம்பரத்தில் ‘கேம் டிசைன்’ என்றும் போட்டிருந்ததால், மகள் குளிர்ந்துவிடுவாள் என்று நம்பினார்.

“ஒருநாள் வகுப்புல உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்ப்பா” என்றாள்.

“காலேசு என்ன சினிமாக் கொட்டாயா, டிரெய்லர் பாக்க?”

“ஏலத்துல சாம்பிள் காயை நசுக்கி, மோந்து, கடிச்சுப் பாத்துத்தான மூட்டைய எடுக்குறீக? என்னோட நாலு வருசத்த மட்டும் பாக்காம எடுக்கச் சொல்றீக.”

வியாபாரி பஸ் காசை எண்ணிக் கொடுத்தார். ‘சாம்பிள்’ என்ற பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

துணைக்குப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரன்; அதோடு, எழுத்தாளன் என்றால் சோலி இல்லாதவன் என்பது தெருவின் ஏகமனதான தீர்ப்பு.

கோயம்புத்தூர்க் கல்லூரியில் எங்கு பார்த்தாலும் கண்ணாடி, சுழல் நாற்காலி. சாம்பிள் பேராசிரியரிடம் பணிவாகத்தான் கேட்டாள்.

“சார், நீங்க செஞ்ச கேம் ஒண்ணு காட்டுங்க. சின்னதா இருந்தாலும் போதும்.”

“நாங்க தியரிதாம்மா எடுக்கிறோம்.”

“அப்ப செய்யறது யாரு சார்?”

காவலாளி எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார்.

அடுத்தது மதுரையில் தொழில் நிர்வாகப் படிப்பு. கம்பெனி நடத்தச் சொல்லித் தருபவர் ஒரு பெட்டிக்கடையாவது நடத்தியிருக்கிறாரா என்று கேட்டாள். இந்தத் தடவை காவலாளிக்கு வேலை வைக்காமல் நானே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதும் மதுரைதான். சுண்ணாம்பு உதிரும் கட்டடம், சாதாரண பி.எஸ்சி. கம்ப்யூட்டர். அங்கே பாடம் எடுத்த அம்மையாரிடம், தான் செய்த கேமை செல்போனில் நீட்டினாள். அதில், குரங்கணி மலைப்பாதையில் ஏலக்காய் லோடு ஜீப்பைக் கவிழாமல் இறக்க வேண்டும். குறுக்கே காட்டுமாடு வரும். அம்மையார் திரும்பத் திரும்ப ஜீப்பைப் பள்ளத்தில் தள்ளினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தப்பு என்மேல இல்ல. பிரேக்குக்கு புரோகிராம் நீ ஒழுங்கா எழுதல. போர்டுல போட்டுக் காட்டு.”

மொத்த வகுப்பும் அந்த பிரேக்கோடு மல்லுக்கட்டியது. மணி அடித்தும் யாரும் எழவில்லை. வெளியே வந்தபோது சாம்பிள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“இதுதாண்ணே” என்றாள்.

வீட்டில் அப்பா குதித்தார். “எஞ்சினியர் சீட்ட விட்டுட்டு வெறும் பி.எஸ்சி.யா? ஊருல நான் என்னத்தச் சொல்ல?”

“கேம் செய்ய அங்க கத்துக்கிறேன். யாவாரத்த லீவுல உங்க கடையில கத்துக்கிறேன். இதவிட வேற எங்கப்பா சொல்லித் தர்றாக?”

“என் பேச்ச மீறிப் போயிருவியோ?”

“மீறித்தான் போவேன். சாப்பாட்டுக்கு வந்துருவேன்.”

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று அப்பா கையை நீட்டினார். “என்னமோ ஜீப்புன்னியே, கொண்டா.”

முதல் வளைவிலேயே உருண்டார். “எவ சொன்னா குரங்கணி வளைவு இம்புட்டு அகலம்னு? நான் லோடோட எறங்குன பாதை இது.”

“சரியா சொல்லுங்க, மாத்திர்றேன்.”

சோற்றுத் தட்டில் சாம்பாரால் வளைவு வரைந்து காட்டினார். அவள் அது தப்பு என்றாள். பாதி ராத்திரிவரை கத்தினார்கள். முடிவில், “காய் இன்னும் பதமா காயல. ஆனா நம்ம சரக்கு” என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவள் மதுரை விடுதியில் இருக்கிறாள். கம்பெனி நடக்குமா, கவிழுமா, எனக்குத் தெரியாது. அவள் இல்லாத எங்கள் தெருவில் இப்போது யார் என்ன சொன்னாலும் எல்லோரும் சரி என்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.