ஒத்த விரலுக்குத்தான் சோடா

சோடா கேட்டு வந்தவர்களைக் கேள்வி கேட்டே விரட்டிய ஒரே சோடாக்கடைக்காரர் இந்தப் பூமியில் எங்கள் சோடா பாய்தான். சந்தேகம் இருந்தால் மதுரை செல்லூருக்கு வாருங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவில் அவர் கடை முன்னால் நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பாய், நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, ஒரு கோலி சோடா குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சோடா வராது.

"எங்கன வலிக்குது? தொட்டுக் காட்டுங்க."

இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒற்றை விரலால் தொட்டு, "இந்தா, இங்கன" என்று காட்டினால் பிழைத்தீர்கள். அது வாயு, சோடா உண்டு. உள்ளங்கையை நெஞ்சில் பரப்பி வைத்தீர்களோ, தொலைந்தீர்கள். பாய் எழுந்து நின்று எதிரே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து, "மாப்ள, வண்டிய எடு!" என்று குரல் கொடுப்பார். கண்ணன் ஆட்டோவோடு வந்து நிற்பார். அடுத்த கால் மணி நேரத்தில் நீங்கள் பாலம் தாண்டி ஆஸ்பத்திரியில், சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் ஈசிஜி ஒயர்களோடு படுத்திருப்பீர்கள்.

இந்த விரல் கணக்கை அவருக்கு ஏதோ ஒரு டாக்டர் சொன்னாராம். "பெரும்பாலும் அப்படி இருக்கும்" என்றுதான் அவர் சொல்லியிருப்பார். நம் ஆள் அந்தப் 'பெரும்பாலும்' என்பதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

பாயைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நெஞ்சில் எது வலித்தாலும் வாயுதான். இடது கையும் சேர்ந்து வலித்தால் வாயு கைக்கு இறங்கிவிட்டது. தாடை வலித்தால் மேலே ஏறிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சோடா. ஒரு ஏப்பம் வந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு தேர்தல் சமயம். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் கடை முன்னால் நின்று, கையை நெஞ்சில் வைத்து, "நான் உங்க வீட்டுப் பிள்ளை" என்று ஆரம்பித்தார். பாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எம்புட்டு நேரமா வலிக்குது?" என்றார். வேட்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணன் அதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

என் வீட்டுக்காரரும் மாட்டினார். சித்திரை வெயிலில், மத்தியானம் நாலு பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வந்து, சட்டைக்குள் காற்று விட நெஞ்சில் கை வைத்திருக்கிறார்.

"வேர்க்குதா சார்?"

"மே மாசம் மதுரையில வேர்க்காம குளிரவா செய்யும் பாய்? சோடாவக் குடுங்க."

"மாப்ள, வண்டிய எடு!"

ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, மூன்று மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஈசிஜி எடுத்து, கடைசியில் டாக்டர் சொன்னாராம்: "ஒண்ணுமில்ல சார், பரோட்டாவக் கொறைங்க." எங்கள் வீட்டில் ஒரு மாதம் சோடா பாய் என்ற பேரை எடுக்கக்கூடாது.

நான் கணக்கு டீச்சர். சண்டை என்று வந்தால் விடமாட்டேன். நேரே போய், "ஏன் பாய், நல்லா இருக்குற மனுசன ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீங்களே, நியாயமா இருக்கா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"சும்மா போயிட்டு வந்தாரா டீச்சர்? சந்தோசம்" என்று சிரித்தார் அவர். "சும்மா போயிட்டு வர்றதுக்குத்தான் அனுப்புறேன்."

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அவருடைய மனைவி பாயம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கோவிச்சுக்காதீக டீச்சர். காதர்னு இவருக்கு ஒரு சிநேகிதரு இருந்தாக. கல்யாண வீட்டுக்குப் பிரியாணி ஆக்குறவுக. ஒரு நா நெஞ்ச அடைக்குதுன்னு வந்து நின்னாக. இவருதான் சோடா ஒடைச்சுக் குடுத்தாரு. குடிச்சாக, பெருசா ஏப்பம் விட்டாக, ரெண்டு பேரும் சிரிச்சாக. சாயங்காலம் அவுக மௌத்தாப் போயிட்டாகன்னு சாவுச் செய்தி வருது. அன்னைலேருந்துதான் இந்த மனுசன் இப்பிடி."

அதற்குப் பிறகு எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பவர்லூம் வைத்திருந்த ஒரு முரட்டு மனிதரைப் பாய் ஒரு நாள் அதட்டி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தக்குழாய் அடைப்பு என்று கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். பழத்தட்டோடு நன்றி சொல்ல வந்தவரிடம் பாய், "அதெல்லாம் இருக்கட்டும், அன்னைக்கு கைய எப்பிடி வச்சீங்க? இன்னொரு தடவ காட்டுங்க" என்றுதான் கேட்டார்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணி. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்ததால் லெமன் சோடா வாங்கப் போனேன். பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. பக்கத்தில் இரண்டு காலி கோலி சோடா பாட்டில்கள். கடையில் வேறு யாரும் இல்லை.

"யாரு பாய் குடிச்சது?"

"நான்தான் டீச்சர். நேத்து ஒரு கல்யாணத்துல வலிமா விருந்து. வாயு."

"எங்கன வலிக்குது?"

பாய் என்னைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, விலாவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பொட்டு வைக்கிற மாதிரி தொட்டார். "பாருங்க. ஒத்த விரல்."

சரிதான் என்று நானும் பிரிட்ஜைத் திறக்கத் திரும்பினேன். பிரிட்ஜின் கண்ணாடிக் கதவில் பாய் தெரிந்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டார். விரல் மடங்கி, உள்ளங்கை மெல்ல விரிந்து, நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தார்.

இருபது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய குரலில் தெருவைப் பார்த்துக் கத்தினேன்: "மாப்ள, வண்டிய எடு!"

கண்ணன் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டார். டீச்சர் அவரை மாப்ள என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. கடைக்கு எதிரே எங்கள் வீட்டு மாடியிலிருந்து என் வீட்டுக்காரரும் அதைக் கேட்டார். அது தனிக் கதை.

ஆஸ்பத்திரியில் மாத்திரையை மென்று முழுங்கச் சொன்னார்கள், ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பாய் அதற்குள் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் சொன்னேன்ல? அப்ப நான் வாரேன் டாக்டர்."

"படுங்க பாய்" என்றார் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா. "மொத ஈசிஜியில தெரியாமக்கூட இருக்கும். திரும்ப எடுக்கணும். இதயத் தசையில அடிபட்டிருந்தா ரத்த டெஸ்ட் காட்டிக் குடுத்துரும். அதுவரைக்கும் அசையக்கூடாது."

"எங்க வீட்டுக்காரரு பரோட்டா தின்னதுக்கே மூணு மணி நேரம் உக்காந்தாரு. நீங்க படுக்க மாட்டீங்களா?" என்றேன் நான். படுத்தார்.

படுத்தபடியே மெதுவாகச் சொன்னார்: "ரெண்டாவது சோடாவுல ஏப்பம் வந்துருச்சு டீச்சர். காதருக்கும் இப்பிடித்தான் வந்துச்சு."

"தெரிஞ்சுமா பாய் மறைச்சீங்க?"

"அம்புட்டுப் பேர ஏத்தி விட்டேன். நான் ஏறணும்னு வந்தப்ப பயமா இருந்துச்சு."

ஊரையே ஆட்டோவில் ஏற்றிய மனிதர் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழுவதா என்று கண்ணனைப் பார்த்தால், அவர் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது ஈசிஜியில் கோடு மாறியிருந்தது. ரத்தமும் காட்டிக் கொடுத்தது. உடனே உள்ளே கொண்டுபோய், அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். நேரத்தோடு வந்ததால் இதயத் தசைக்குப் பெரிய சேதமில்லை என்றார் டாக்டரம்மா. அலறியடித்து வந்திருந்த பாயம்மா, கண் விழித்தவரிடம் கேட்ட முதல் கேள்வி: "ஊரையெல்லாம் கேட்டீகளே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?" பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது பாய் மறுபடியும் கடையில். விரலைக் காட்டி ஏமாற்ற முடியும் என்று அவருக்கே தெரிந்துவிட்டதால், நான் முதலில் சொன்ன ஒத்த விரல் சட்டம் மாறிவிட்டது. நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் விரல், கை எதுவும் பார்ப்பதில்லை, நேரே ஆட்டோதான். கண்ணன் மருமகன் முறையில் என்னை "அத்தை" என்று கூப்பிடுகிறார். நானும் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்கிறேன், என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சில நாள், ஒரு வலியும் இல்லாமலே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டுவேன். பாய் பதறிப்போய் ஸ்டூலை விட்டு எழுந்து, புதுச் சட்டத்தையே மறந்து, "டீச்சர்! எங்கன வலிக்குது?" என்று கேட்பார். அவர் உயிரோடு இருந்து அப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.