பஸ் ஓடாத கிழமை

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரை நானே திருத்துவது என்று சபதம் எடுத்தேன். எங்கள் ஊர் நாரந்தனையில் சபதம் எடுக்கச் செலவு கிடையாது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்ததுதான் பிழை.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் நயினாதீவில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். காலையில் குறிகட்டுவானில் படகு ஏறிப் போய், அங்கே எல்லோருக்கும் 'ஓம் சேர்' சொல்வேன். பின்னேரம் திரும்பி வந்து மனைவி மீனாம்பிகைக்கு வெறும் 'ஓம்' சொல்வேன். நான் என் இஷ்டத்துக்கு நடக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். கொம்பியூட்டரில் ஒரு பஸ் ஓட்டும் விளையாட்டு. அதில் நான் சாரதி. கை காட்டுகிறவர்களுக்கெல்லாம் நிறுத்தமாட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவேன். அந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அந்த நேரம் பார்த்து கிராபிக்ஸ் காட் செத்துப்போயிற்று. திரைக்குப் படம் அனுப்புவது அந்தக் காட்தான். திருவிழாவுக்கு வந்த மீனாவின் தம்பி ரஜீபன் ரொறன்ரோவிலிருந்து புதிய காட் கொண்டுவந்தான். பூட்டித் தரட்டோ அத்தான் என்று கேட்டான். எனக்குத் தெரியாததா என்று அவனை அனுப்பிவிட்டேன்.

பூட்டினேன். காட்டின் பின்பக்கத்தில் வயர் குத்துகிற துவாரங்களுக்கெல்லாம் கறுப்பு றப்பர் மூடி போட்டு வந்திருந்தது. வெளிநாட்டுச் சாமானின் மூடியைக் கழற்றுவது எங்கள் பகுதியில் பாவம். என் வீட்டில் மகா பாவம். எங்கள் பிறிஜ்ஜில் ஒட்டி வந்த ஸ்ரிக்கர் இன்னும் அப்படியே இருக்கிறது. றிமோட் பொலித்தீன் பைக்குள் இருந்துதான் வேலை செய்கிறது. 'உரிச்சால் பழசாப்போம்' என்பது என் சட்டம். ஆகவே மூடிகளைத் தொடாமல், கொம்பியூட்டர்ப் பெட்டியில் சற்று மேலே சும்மா திறந்து கிடந்த இன்னொரு துவாரத்தில் திரையின் வயரைக் குத்தினேன். சுவிச்சைப் போட்டேன். விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் அமாவாசை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மீனா கதவடியில் வந்து நின்றாள். அவள் மெல்பேர்ண் பிள்ளைகளுக்கு மத்தியானங்களில் போனில் தமிழ் படிப்பிக்கிறாள். போன் திரை சிறிசு, பிள்ளைகளின் முகம் உளுந்து மாதிரித் தெரிகிறது, கொம்பியூட்டரைத் தன் அறைக்குத் தாருங்கள் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலணையிலை திருத்திற பெடியன் ஒருத்தன் இருக்கிறான். கூப்பிடட்டோ?"

"என்ரை கொம்பியூட்டரிலை வேறை ஆரும் கை வைக்கேலாது. நானே திருத்துவன்."

"அப்ப ஒரு கதை கதைப்பம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க முதல் நீங்கள் திருத்தினால் அது உங்கடை. பஸ் ஓட்டுங்கோ, பிளேன் ஓட்டுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். திருத்தாட்டி என்ரை அறைக்கு வரும்."

"ஓம்," என்றேன். பழக்கதோஷம்.

பக்கத்து வளவுத் தம்பிராசா அண்ணையை ஆலோசகராக வைத்துக்கொண்டேன். அவர் கடலில் எந்திரப் படகு ஓடியவர். எந்திரத்துக்கு எந்திரம் சொந்தம்தானே என்பது அவர் கொள்கை. எல்லாம் உப்புக்காற்றின் வேலை என்றார். பள்ளிக்கூட அழிறப்பர் வாங்கி, உள்ளே பித்தளை நிறத்தில் தெரிந்ததையெல்லாம் உரசினேன். அமாவாசை. பெட்டிக்குள் இருந்த சில்லறைக் காசு போன்ற பற்றரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் திரும்பப் போட்டேன். அமாவாசை. பெட்டியைக் கிழக்குப் பார்க்க வைத்தோம். அதற்கும் மசியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. பின்னேரம் கந்தோரால் வந்து பெட்டியைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. பகல் முழுதும் அணைந்து கிடந்த பெட்டி எப்படிச் சுடும்? தம்பிராசா அண்ணையிடம் கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, அதுவும் உப்புக்காற்றுத்தான் என்றார்.

மீனாவோ தங்கமாக மாறிவிட்டாள். நான் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைப்பாள். பாவம், களைச்சுப்போனியள், விடுங்கோ என்பாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னை இத்தனை தடவை பாவம் என்றதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தோம். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிக்காமல் யாராவது ஓடுவார்களா? கிராபிக்ஸ் காட்டும் புதிதுதானே. பெட்டியின் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்து அமுக்கினேன். திரை எரியவில்லை. அறை மட்டும் மணத்தது. என் பஸ்ஸை நினைத்து எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காற்று கடுமை. படகு ஓடாது என்று குறிகட்டுவானில் சொல்லிவிட்டார்கள். காற்று விழும் என்று பார்த்திருந்துவிட்டு, மத்தியானம் போல வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அதுவும் என் அறைக்குள்ளிருந்து.

எட்டிப் பார்த்தேன். என் கதிரையில் மீனா. முன்னால் திரை பளபளவென்று எரிகிறது. திரை நிறைய மெல்பேர்ண் பிள்ளைகள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எலுமிச்சம்பழம் வேலை செய்திருக்கிறது!

"பாத்தீரோ," என்றேன். "விளக்கு வைக்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. நான் திருத்திப்போட்டன்."

மீனா திடுக்கிட்டது ஒரு கணந்தான். பிறகு எழும்பிக் கதிரையை எனக்குத் தந்தாள்.

"ஓமப்பா, கெட்டிக்காரன்தான். எப்பிடித் திருத்தினனீங்கள் எண்டு பிள்ளையளுக்கும் காட்டுங்கோவன்."

விடுவேனா? திரையின் கமராவுக்கு முன்னால் இருந்து உப்புக்காற்று, அழிறப்பர், பற்றரி எல்லாவற்றையும் விளக்கினேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். பெட்டியின் பின்பக்கத்தையும் காட்டுவோம் என்று திருப்பினேன். அங்கேதான் அந்த அநியாயத்தைக் கண்டேன். கிராபிக்ஸ் காட்டில் ஒரு மூடியைக் காணவில்லை. அந்தத் துவாரத்தில் யாரோ என் வயரைக் குத்தியிருந்தார்கள்.

"ஆர் இந்த மூடியைக் கழட்டினது?"

"நான்தான். தூசி தட்டேக்கை கழண்டுது."

"ரொறன்ரோச் சாமான் இது. உமக்கு எத்தினை தரம் சொன்னனான்?"

அவள் மேசையில் கிடந்த மூடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "அப்ப பழையபடி போட்டுவிடுங்கோ," என்றாள்.

யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடும் என்பார்கள். யானைக்காவது யாரும் மண்ணை எடுத்துக் கையில் கொடுப்பதில்லை. நான் வயரை இழுத்தேன். மூடியை இறுக்கிப் பூட்டினேன். வயரைப் பழைய துவாரத்தில் குத்தினேன்.

அமாவாசை.

அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் தெளிவாக வந்தது.

"ரீச்சர், மாமா இண்டைக்கும் மாறிக் குத்திப்போட்டார்."

இண்டைக்கும்? நான் மீனாவைப் பார்த்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள். மூடி கழன்றது திங்கட்கிழமையாம். துவாரத்தைக் கண்டதும் வயரைக் குத்திப் பார்த்தாளாம், படம் வந்ததாம். அன்றிலிருந்து மத்தியான வகுப்பெல்லாம் இதில்தானாம். நான் வர முதல் மூடியைப் போட்டு, வயரைப் பழைய இடத்தில் குத்திவிடுவாளாம். பிள்ளைகளுக்கும் இதெல்லாம் தெரியுமாம். எனக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் நியாயம் பேசினேன்.

"எப்பிடியோ வெள்ளிக்கிழமைக்கு முதல் வேலை செய்ததுதானே. அப்ப இது என்ரை."

"நீங்கள் திருத்தினால் எண்டுதான் கதை. திருத்தினது நான். நிப்பாட்டினது நீங்கள். வகுப்பு முழுக்கச் சாட்சி."

விளக்கு வைக்க முதல் கொம்பியூட்டர் அவளுடைய அறைக்குப் போயிற்று. சுமந்து போனவன் நான். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் எனக்குப் பஸ் ஓட அனுமதி உண்டு. அதையும் மெல்பேர்ண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பதால், கை காட்டுகிற எல்லோருக்கும் நிறுத்த வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை.